ஏ.சி. காற்று வாங்கத்தான் கோடையில் தியேட்டருக்குப் போகிறோமா?

தகடூரான்:
நேற்று மாங்கனிக்காரன் எழுதியிருந்ததை அப்படியே போடுகிறேன்: “ஏப்ரல், மே மாசத்தில் பெரிய படம் ஓடுவதெல்லாம் படத்துக்காக இல்லை. வெயிலில் மூன்று மணி நேரம் ஏ.சி.யில் உட்காரலாம் என்றுதான் கூட்டம் வருகிறது. கோடையில் எதை விட்டாலும் ஓடும்.” இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. நாற்பது வருஷமாக தர்மபுரியில் படம் பார்க்கிறவன் நான். எங்கள் ஊர் ஜனங்களைக் காற்று வாங்க வந்தவர்கள் என்று சொன்னால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2017 ஏப்ரல் 28-ல் பாகுபலி இரண்டாம் பாகம் வந்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். தியேட்டர் பெயர் வேண்டாம். ஒரு இருக்கை காலி இல்லை, ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். என் தலைக்கு நேர் மேலே காற்று வரும் ஜாலி, அதில் ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. முதல் பாதி முழுக்க அந்த ரிப்பன் படபடவென்று நீட்டி நின்றது. இடைவேளை முடிந்து பத்து நிமிஷம் இருக்கும், நிமிர்ந்து பார்த்தால் ரிப்பன் செத்த பாம்பு மாதிரி தொங்குகிறது. ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டே இருந்தார். ஆனால் ஒரு ஆள் எழுந்து வெளியே போகவில்லை. கட்டப்பா ஏன் குத்தினார் என்று 2015 ஜூலையிலிருந்து காத்திருந்த கூட்டம் அது. காற்றுக்கு வந்தவர்கள் என்றால் காற்று நின்றதும் போயிருக்க வேண்டாமா? பதில் சொல்லுங்கள்.

மாங்கனிக்காரன்:
அண்ணா, வணக்கம். நான் கிருஷ்ணகிரியில் பதினாறு வருஷமாக ஏ.சி. வேலை பார்க்கிறேன். தெரியாமல் எழுதவில்லை. நிறுத்திவிட்டார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஸ்விட்சை அணைத்ததைப் பார்த்தீர்களா?

ஒரு மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்தாலே கிட்டத்தட்ட 100 வாட் சூட்டை வெளியே விடுகிறான். 600 பேர் என்றால் 60 கிலோவாட். ஏ.சி.யின் குளிரூட்டும் திறனில் ஒரு டன் என்பது சுமார் மூன்றரை கிலோவாட். ஆக, ஆட்களின் உடம்புச் சூட்டுக்கு மட்டுமே 17 டன் போய்விடும். அதற்கு மேல் கூரை வெயில், கதவைத் திறந்து திறந்து மூடுவது, இதெல்லாம் தனி. மே மாசம் மதியம் மொட்டை மாடியில் இருந்து சூட்டை வெளியே தள்ளும் கன்டென்சர் கொதிக்கும், பிரஷர் ஏறி கம்ப்ரஸர் தானாகவே ட்ரிப் ஆகும், அதாவது நின்றுவிடும். யாரும் நிறுத்த வேண்டியதில்லை. ஹவுஸ்ஃபுல் காட்சியில் இது சாதாரணமாக நடக்கிறது. முதலாளியைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தகடூரான்:
தம்பி, நீங்கள் சொன்ன கணக்கு சரி. ஆனால் கம்ப்ரஸர் ட்ரிப் ஆனால் என்ன நடக்கும்? குளிர் போகும், காற்று வரும். காற்றைத் தள்ளும் ப்ளோயர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சூடான காற்றாவது வரும். அப்போது ரிப்பன் ஆடும். நான் பார்த்தபோது ரிப்பன் ஆடவில்லை. உங்கள் தொழிலை வைத்தே கேட்கிறேன், ப்ளோயரும் சேர்ந்து நின்றால் அது ட்ரிப்பா, நிறுத்தியதா?

காவேரிப்பட்டணத்தான்:
நடுவில் ஒரு சந்தேகம். பெரிய படம், பிளாக்பஸ்டர் என்றால் எதைச் சொல்கிறீர்கள்? வசூலா, எத்தனை நாள் ஓடியது என்பதா, எத்தனை திரையில் வெளியானது என்பதா? அதை முதலில் முடிவு பண்ணாமல் ரிப்பனைப் பேசினால் எங்கே போய் முடியும்?

மாங்கனிக்காரன்:
ரிப்பன் ஒரு அத்தாட்சியே இல்லை அண்ணா. அழுக்கில் ஜாலியோடு ஒட்டிக்கொள்ளும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் கனத்துவிடும். ரிப்பனைப் பார்த்து ஏ.சி. சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் கருத்துக்கு வரலாறே ஆதாரம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் கோடை வந்தால் தியேட்டர் காலியாகக் கிடக்கும். 1925-ல் நியூயார்க்கில் ரிவோலி தியேட்டரில் வில்லிஸ் கேரியர் என்கிற இன்ஜினியர் ஏ.சி. போட்டார். அப்புறம்தான் வெயில் காலத்திலும் ஜனங்கள் தியேட்டருக்குள் வரத் தொடங்கினார்கள். வாசலில் ‘உள்ளே குளிர்ச்சி’ என்று பலகை வைத்துக் கூட்டம் சேர்த்த ஊர் அது. நான் சொன்னது இதைத்தான். தர்மபுரிக்காரர்களைக் கேவலமாகப் பேசினேன் என்று நீங்களே கற்பனை பண்ணிக்கொண்டால் நான் என்ன செய்ய?

தகடூரான்:
ரிவோலியை எடுத்தீர்கள், சரி. 1925-ல் ஏ.சி. வந்தது. கோடையில் படம் விட்டால் பணம் கொட்டும் என்று ஹாலிவுட்டுக்குப் புரிந்தது எப்போது? 1975 ஜூன் 20, ஸ்பீல்பெர்க் எடுத்த சுறாப் படம் ஜாஸ். நடுவில் முழுசாக 50 வருஷம். அந்த ஐம்பது வருஷமும் ஏ.சி. ஓடிக்கொண்டுதானே இருந்தது? ஆனாலும் பெரிய படங்களை அவர்கள் குளிர்காலத்துக்குத்தான் எடுத்து வைத்தார்கள். ஜாஸை ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட தியேட்டரில் வெளியிட்டு, அதற்கு முந்தின ராத்திரிகளில் டி.வி.யில் விளம்பரமாகப் போட்டு, ஊரே பேசும்படி பண்ணினார்கள். பள்ளிக்கூடம் லீவு, பையன்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பத் திரும்பப் போனார்கள். கூட்டம் வந்தது சுறாவைப் பார்க்க, குளிரில் உட்கார இல்லை.

நம்ம ஊருக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? பதினெட்டு நாள். கடைசி நாள் படுகளம். மண்ணால் துரியோதனனைப் பூதாகரமாகப் படுக்க வைத்திருப்பார்கள், உச்சி வெயிலில் வீமன் வேஷக்காரர் கதாயுதத்தோடு சுற்றிச் சுற்றி ஓடுவார். கால் சுடும், மண் கொதிக்கும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். அங்கே எத்தனை டன் ஏ.சி. போட்டிருந்தது? அறுப்பு முடிந்து, பிள்ளைகளுக்கு லீவு விட்டு, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் மாசம் அது. கையில் நாலு காசு இருக்கும், கூட நாலு பேர் இருப்பார்கள். தியேட்டருக்குக் கூட்டம் வருவதும் அதனால்தான். எங்கள் அப்பா காலத்தில் டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த ஜனம் இது.

ரிப்பன் பிசுக்கு ஏறி கனத்துவிட்டது என்கிறீர்கள். முதல் பாதியில் படபடத்த ரிப்பன் இடைவேளைக்குள் கனத்துவிட்டதா?

ஓசூர் எக்ஸ்பிரஸ்:
உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல தியேட்டரே தெரியாது என்பதுதான் பிரச்சினை. நான் ஓசூர். அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. 2023 பொங்கலுக்கு அப்புறம் தமிழ்நாட்டில் விடிகாலைக் காட்சிக்கு அனுமதி கிடையாது, பெரிய படம் என்றால் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. நாங்கள் பெங்களூரில் 6 மணிக் காட்சி பார்த்துவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு ஓசூர் வந்து சேரும்போது உங்கள் முதல் காட்சியே முடிந்திருக்காது. திரை பளிச்சென்று இருக்கும், சவுண்டு காதைக் கிழிக்காமல் நெஞ்சில் இடிக்கும். ரிப்பனெல்லாம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை அங்கே.

மாங்கனிக்காரன்:
பார்த்தீர்களா அண்ணா, அவரே சொல்லிவிட்டார். வசதிக்காகத்தான் பெங்களூரு வரைக்கும் போகிறார்.

தகடூரான்:
அவர் வசதிக்குப் போகிறார், நல்லது. விலையைச் சொன்னாரா? 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு டிக்கெட்டுக்கு 200 ரூபாய் உச்சவரம்பு வைத்தது, அதே மாசம் உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஆக அங்கே அவர்கள் வைத்ததுதான் விலை. நாலு பேர் குடும்பம் போனால் ஒரு வாரக் கூலி.

ஓசூர்க்காரர் வந்ததும் நல்லதாகப் போயிற்று. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். வெள்ளைக்காரன் லிட்டில் இங்கிலாந்து என்று சொன்ன ஊர். தர்மபுரியில் நாம் வேகும்போது அங்கே மின்விசிறியோடு சமாளிக்கலாம். அப்படியிருந்தும் கோடைப் படத்துக்கு ஓசூர் தியேட்டர்கள் நிரம்புகின்றன. ஏன்? மாங்கனிக்காரன் பதில் சொல்லட்டும்.

ஓசூர் எக்ஸ்பிரஸ்:
லிட்டில் இங்கிலாந்து எல்லாம் தாத்தா காலத்துக் கதை. இப்போது ஏப்ரலில் ஓசூரும் வேகிறது. ஏரியை எல்லாம் மூடி வீட்டுமனை போட்டால் குளிருமா? ஓசூரைப் பற்றி தர்மபுரிக்காரர் பாடம் நடத்த வேண்டாம். நாங்கள் தனி மாவட்டமாகப் பிரிந்து போனதே உங்களோடு ஒத்துவராமல்தான்.

தகடூரான்:
தர்மபுரியிலிருந்து பிரிந்தது கிருஷ்ணகிரி மாவட்டம், 2004 பிப்ரவரி 9-ல். ஓசூர் அதில் ஒரு ஊர். தனி மாவட்டம் என்று யார் சொன்னது?

அரூர் அக்கா:
ஒரு காற்று ரிப்பனை வைத்துக்கொண்டு ஆம்பிளைகள் மூன்று பேர் இத்தனை நேரமா? நான் போன மே மாசம் ஆறு வயசுப் பையனோடு போனேன். வாசலில் பையைத் திறந்து பார்த்து, குழந்தைக்கு வைத்திருந்த வெந்நீர் பாட்டிலைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். வெளித் தின்பண்டம் கூடாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் குடிக்கிற தண்ணீரை இலவசமாக வைக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உள்ளே போனால் குழாயில் தண்ணீர் வரவில்லை. பாட்டில் தண்ணீர் கேட்டால் இரண்டு மடங்கு விலை. இடைவேளையில் பெண்கள் கழிப்பறைக்கு இருபது பேர் வரிசை, நான் திரும்பி வருவதற்குள் படம் போட்டுவிட்டார்கள். பத்து நிமிஷப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இதையெல்லாம் பேசுங்கள்.

தகடூரான்:
அக்கா, நீங்கள் சொன்னது ரொம்ப அநியாயம். தியேட்டருக்கு லைசென்ஸ் கொடுப்பது கலெக்டர், 1955-ஆம் வருஷத்து சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி. மனு எழுதிக் கொடுங்கள், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் நேரிலேயே கொடுக்கலாம். நான் எழுதித் தருகிறேன்.

ஆனால் பாருங்கள், இத்தனை கஷ்டப்பட்டும் அக்கா படத்துக்குப் போகிறார். காற்று வாங்க வேண்டுமென்றால் பையனோடு இந்தப் பாடு பட்டிருப்பாரா?

அரூர் அக்கா:
நான் காற்றுக்கும் சேர்த்துத்தான் போனேன். வீட்டில் தகரக் கூரை. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே இருக்க முடியாது. என் பேச்சை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

மாங்கனிக்காரன்:
அக்கா வாயாலேயே வந்துவிட்டது. நன்றி அக்கா. இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்?

தகடூரான்:
அக்கா ‘காற்றுக்கும் சேர்த்து’ என்றார். ‘காற்றுக்கு மட்டும்’ என்று சொன்னது நீங்கள். படிக்கும்போது பாதியை விழுங்கக் கூடாது.

‘கோடையில் எதை விட்டாலும் ஓடும்’ என்றீர்களே, அதற்கு வருகிறேன். 2024 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? தேர்தல் நேரம். தர்மபுரியில் நாள் தவறாமல் 100 டிகிரியைத் தாண்டிய வெயில். தியேட்டரில் ஏ.சி. இருந்தது. ஆனால் பெரிய படம் ஒன்றும் இல்லை, தியேட்டர் ஈ ஓட்டியது. வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், ஏப்ரல் 20, கில்லியை மறுபடியும் விட்டார்கள். இருபது வருஷப் பழைய படம். டி.வி.யில் எத்தனை தடவை போட்டிருப்பான், எல்லார் செல்போனிலும் இருக்கிறது. கதவை உடைக்காத குறையாகக் கூட்டம். முந்தின நாளும் அதே ஏ.சி., அதே வெயில். என்ன மாறியது? படம் மாறியது. அடுத்து மே 3-ல் அரண்மனை நான்காம் பாகம் வந்து பிள்ளை குட்டிகளோடு தியேட்டர் நிறைந்தது. அதுவும் படத்தால்தான்.

மாங்கனிக்காரன்:
2024-ல் தேர்தல், அதனால் ஜனம் வரவில்லை. நீங்களே எழுதிவிட்டு நீங்களே மறந்துவிடுகிறீர்கள்.

அண்ணா, உங்கள் குணம் எனக்குப் புதுசு இல்லை. 2019 பொங்கலுக்குப் பேட்ட, விஸ்வாசம் இரண்டும் ஒரே நாளில் வந்தபோது கிருஷ்ணகிரியில் எதற்குக் கூட்டம் என்று நான் கண்ணால் பார்த்து எழுதினேன். தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு ‘பொய்’ என்றீர்கள். இன்றைக்கு வரை அதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை.

தகடூரான்:
2019 பொங்கலை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு சந்தோஷம். ஜனவரி 10. காலையில் கிருஷ்ணகிரியில் ஸ்வெட்டர், மஃப்ளர் இல்லாமல் வெளியே வர முடியாத குளிர். அந்தக் குளிரில் இரண்டு படத்துக்கும் தியேட்டர் நிறைந்தது. எந்தக் காற்று வாங்க வந்தார்கள்? உங்கள் வாதம் அங்கேயே படுத்துவிட்டது.

மாங்கனிக்காரன்:
நான் பொங்கலைப் பற்றி எழுதவே இல்லை. கோடை என்றுதான் எழுதினேன். கோடை. ஏப்ரல், மே. மாம்பழ சீசன். பெங்களூரா மாங்காய் லோடு லோடாகக் கூழ் ஆலைக்கு வரத் தொடங்கும் காலம். ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் பையன்கள் மதியக் காட்சிக்குப் போய் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தூங்குகிறார்கள். நான் அடுத்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கையெல்லாம் மாம்பால் கறை, வாயைத் திறந்துகொண்டு குறட்டை. சண்டைக் காட்சியில் தியேட்டரே அதிர்கிறது, அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. அந்தத் தம்பிக்குக் கதாநாயகன் யாரென்றே தெரியாது. டிக்கெட் காசு கொடுத்தது அந்த மூன்று மணி நேரக் குளிருக்கு. அதைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. உழைத்தவன் தூங்கட்டும். ஆனால் வசூல் கணக்கில் அவனும் இருக்கிறான்.

தகடூரான்:
ஒரு பையன் தூங்கினான் என்றால் 599 பேர் விழித்திருந்தார்கள்.

பாலக்கோடு பையன்:
தகடூரான் அண்ணா, நீங்கள் எந்தத் தியேட்டரைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதே வாரம் நானும் அங்கே பாகுபலி பார்த்தேன், சனிக்கிழமை ராத்திரிக் காட்சி. ரிப்பன் கடைசி வரை ஆடியது. அப்புறம் அது நீலக் கலர்.

மாங்கனிக்காரன்:
வந்தது சாட்சி!

தகடூரான்:
தம்பி, நீங்கள் போனது சனிக்கிழமை ராத்திரி, நான் போனது ஞாயிற்றுக்கிழமை மதியம். ராத்திரியில் வெளியே சூடு குறைவு, கரன்ட் செலவும் குறைவு, ஏ.சி.யை ஓடவிட்டிருப்பார்கள். என் காட்சியில் ஆடவில்லை. அப்புறம் ரிப்பன் மஞ்சள். நீலம் கிடையாது.

ஓசூர் எக்ஸ்பிரஸ்:
கரன்ட் போய் ஜெனரேட்டரில் ஓட்டியிருப்பார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? ஜெனரேட்டரில் புரொஜக்டரும் சவுண்டும் மட்டும்தான் ஓடும், ஏ.சி. இழுக்காது.

தகடூரான்:
கரன்ட் போனால் படம் ஒரு தடவை வெட்டும், விசில் பறக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் தூங்கிக்கொண்டு படம் பார்க்கிற ஆள் இல்லை.

காவேரிப்பட்டணத்தான்:
பிளாக்பஸ்டர் என்றால் என்ன என்று நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

மாங்கனிக்காரன்:
சரி, ஒரு பேச்சுக்கு ரிப்பன் ஆடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ப்ளோயரின் பெல்ட் அறுந்திருக்கும். பழைய தியேட்டர்களில் மோட்டாரிலிருந்து ப்ளோயருக்கு பெல்ட்தான். கோடையில் நாள் முழுக்க ஓடி, காய்ந்து, பட்டென்று அறுந்துவிடும். நான் மாசத்துக்கு நாலு மாற்றுகிறேன். அதில் முதலாளி குற்றம் என்ன இருக்கிறது?

தகடூரான்:
இதை நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். படம் முடிந்து எல்லாரும் வெளியே போன பிறகு, என் சின்னப் பெண்ணின் செருப்பு ஒன்று இருக்கைக்கு அடியில் போய்விட்டது. எடுக்கத் திரும்பி உள்ளே வந்தேன். பெருக்குகிற அம்மா பாப்கார்ன் டப்பாக்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். அடுத்த காட்சிக்குக் கதவு திறந்து ஆட்கள் உள்ளே வருகிறார்கள். குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மஞ்சள் ரிப்பன் நீட்டி நின்று படபடவென்று அடிக்கிறது. முகத்தில் ஜில்லென்று காற்று. அறுந்த பெல்ட் கால் மணி நேரத்தில் தானாக ஒட்டிக்கொண்டதா தம்பி? அடுத்த கூட்டம் உள்ளே வரும்போது போட்டார்கள், எங்கள் கூட்டத்திடம் காசு வாங்கியாயிற்று என்று நிறுத்தினார்கள். எட்டு வருஷமாக என் வயிறு எரிவது அதற்குத்தான். அப்படி எங்களை வேகவைத்தும் நாங்கள் எழுந்து போகவில்லை, படத்தை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம்.

மாங்கனிக்காரன்:
செருப்புக் கதையை இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை? பெல்ட் என்று நான் சொன்னதும் செருப்பு வருகிறது. நாளைக்கு நான் கெபாசிட்டர் என்றால் தொப்பி வருமா?

அரூர் அக்கா:
மனு எழுதித் தருகிறேன் என்றீர்களே அண்ணா, எப்போது?

தகடூரான்:
இன்று ராத்திரி எழுதிவிடுகிறேன் அக்கா, தண்ணீர் விஷயம், கழிப்பறை விஷயம் இரண்டையும் சேர்த்து.

மாங்கனிக்காரனுக்கு: நீங்கள் பெல்ட்டைக் கேட்காதபோது நான் ஏன் செருப்பைச் சொல்ல வேண்டும்? அந்தச் செருப்பு இன்னும் வீட்டில் இருக்கிறது, பெண் வளர்ந்துவிட்டாள், அவள் அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். நீங்கள் தர்மபுரி வந்தால் காட்டுகிறேன்.

மாங்கனிக்காரன்:
செருப்பைப் பார்த்து ப்ளோயரை நான் எப்படித் தெரிந்துகொள்வது? பாலக்கோடு தம்பி நீலம் என்கிறார், நீங்கள் மஞ்சள் என்கிறீர்கள். கலரே ஒத்துவரவில்லை, ஆடியதா ஆடவில்லையா என்பதை எப்படி நம்புவது?

தகடூரான்:
மஞ்சள். இடது பக்கச் சுவரிலிருந்து மூன்றாவது ஜாலி, ஜே வரிசை. கடை திறக்க நேரமாகிவிட்டது, மதியம் வந்து எழுதுகிறேன்.